கைப்பிடி இல்லாத பக்கம்

"ஒரே பள்ளிக்கூடத்துக்கு எதுக்குப்பா ரெண்டு வாசல்?"

ரெனிட்டா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அப்பா லூதர் காட்லெட் ஓட்டும் நகரப் பேருந்தில், அவர் முதுகுக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில், கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே மூன்று தளச் செங்கல் கட்டடம். தெருவைப் பார்த்த வாசலில் பிள்ளைகள் பைகளைத் திறந்து காட்டியபடி ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டில் இன்னொரு வாசல். அங்கே மஞ்சள் பஸ்கள் வந்து நின்றன. இறங்கியவர்கள் யாரும் பையைத் திறக்கவில்லை; பேசிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். லூதர் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தி, மேலே இருந்த கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தார்.

"ஒண்ணு பஸ்ல வர்ற பிள்ளைங்களுக்கு, பாப்பா. இன்னொண்ணு நடந்து வர்ற பிள்ளைங்களுக்கு."

"நான் நடந்து போயி பஸ் வாசல்ல நுழைஞ்சா?"

விளக்கு பச்சையானது. லூதர் வண்டியை எடுத்தார். அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை.

இப்போது ரெனிட்டாவுக்குப் பதினாறு. நடந்து போய்ப் பஸ் வாசலில்தான் நுழைகிறாள். பதில் என்ன என்பதைப் பள்ளி நடக்கும் ஒவ்வொரு காலையிலும் தெரிந்துகொள்கிறாள்.

கட்டடத்தின் மூன்றாவது தளம் மேக்னட், தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கான தனிப் பள்ளி. அறிவியலும் பொறியியலும் மட்டும். கவுன்ட்டி எனப்படும் மாவட்டம் முழுவதிலிருந்தும் தேர்வு எழுதி வந்த பிள்ளைகள், கட்டணம் கிடையாது, பெரிய வீடுகளும் குதிரைப் பண்ணைகளும் இருக்கிற வடக்குக் கோடியிலிருந்துகூட விடியற்காலையில் பஸ் பிடித்து வருவார்கள். கீழே உள்ள இரண்டு தளங்கள் அந்தப் பேட்டையின் பிள்ளைகளுக்கு. கூரை ஒன்று, பெயர்ப் பலகை ஒன்று. மற்ற எல்லாம் இரண்டு. கீழே சாப்பிட்டு முடித்து மேசை துடைத்த பிறகுதான் மேலே உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு இறங்குவார்கள். கீழே குடிதண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறது என்று குழாய்களைக் கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலாக வரும் தண்ணீர்ப் பெட்டிகள் நண்பகலுக்குள் தீர்ந்துபோகும். மேலே ஏதோ ஒரு நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்த இயந்திரத்தின் அடியில் குப்பியை வைத்தால் பனிபோலத் தண்ணீர் கொட்டும். இரண்டுக்கும் நடுவே, நடு மாடிப்படியில், ஓர் இரும்புக் கதவு. மேல் பக்கம் கைப்பிடி உண்டு. கீழ்ப் பக்கம் வெறும் தகரம்.

தெரு வாசல் படிக்கட்டில் காலையில் ஒரு கூட்டம் நிற்கும். அதைத் தாண்டித்தான் ரெனிட்டா பக்கவாட்டுக்குப் போயாக வேண்டும். கூட்டத்தின் நடுவில் கியோனா ப்ராக்ஸ்டன். பள்ளி வாத்தியக் குழுவின் முதல் டிரம் அவளுடையது. பின்பையில் எப்போதும் இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றால் கைப்பிடிச் சுவரில் தட்டிக்கொண்டே சொல்வாள்:

"வழி விடுங்கடி, மேல்மாடி வருது. மேல பட்டுச்சுன்னா ஃபிசிக்ஸ் ஒட்டிக்கும்."

எல்லாரும் விலகி நிற்பார்கள், அரசி போகிறாள் என்பதுபோலக் குனிந்து வழி காட்டுவார்கள். இவர்களில் பாதிப்பேர் ரெனிட்டாவோடு ஒரே ஞாயிறு வகுப்பில் வர்ணப் பென்சிலுக்குச் சண்டை போட்டவர்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள். மேலே போனால் அங்கே வேறு மாதிரி. அங்கே யாரும் கத்த மாட்டார்கள். முதல் வாரத்தில், "நீ எந்த பஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். நடந்து வருகிறேன் என்றதும், "ஓ, இங்கயா?" என்று சொல்லி, மேசைமேல் இருந்த கைப்பேசியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வேண்டுமென்றே செய்ததாகக்கூடத் தெரியவில்லை. கை தானாகப் போனது. கீழே கிடைக்கும் கேலியைவிட ரெனிட்டாவுக்கு அந்தக் கைதான் அதிகம் வலித்தது.

கியோனாவுக்கு அவள் ஒரு கடன் பட்டிருந்தாள். அதை இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

நுழைவுத் தேர்வு ஒரு குளிர்காலச் சனிக்கிழமை நடந்தது. பஸ் வாசல் வழியாக வரவேண்டும் என்று ரெனிட்டாவுக்கு யாரும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த தெரு வாசலில் நுழைந்து, படியேறி, அந்தத் தகரத்தின் முன்னால் போய் நின்றாள். தட்டினாள். கூப்பிட்டாள். மறுபக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டு, பிறகு அதுவும் அடங்கிவிட்டது. சுற்றிக்கொண்டு ஓடினால் நேரம் போய்விடும். அவள் அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கியபோது, வாத்தியப் பயிற்சிக்கு வந்திருந்த கியோனா குச்சிகளோடு மேலே வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. "ஓரமா நவுரு" என்றாள். கதவின்மேல் அணிவகுப்புத் தாளத்தை அடித்தாள். திருவிழாவில் அடிப்பதைப்போல முழு வேகத்தில், கட்டடமே கிடுகிடுக்க அடித்தாள். தேர்வுக் கண்காணிப்பாளர் முகம் சிவக்கக் கதவைத் திறந்தார். திறந்த கதவுக்குள் ரெனிட்டாவைத் தோளில் கைவைத்துத் தள்ளிவிட்டு, "நான்தான் அடிச்சேன், என்ன இப்போ?" என்று கியோனா நின்றாள். தேர்வு நேரத்தில் கலாட்டா செய்ததற்காக அந்த வருட நகர ஊர்வலத்தில் அவளை நடக்கவிடவில்லை. ஊர்வலம் போன தெருவோரம் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை ரெனிட்டா பார்த்தாள். நன்றி சொல்லக் கிட்டே போனாள். "யாருடி நீ?" என்று கேட்டுவிட்டுக் கியோனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சில மனிதர்களின் இரக்கம் அப்படித்தான். கையில் கொடுக்காது, எறியும். எறிந்தது உடம்பில் பட்டு வலிக்கிற வலியில், அது இரக்கம் என்பதே மறந்துபோகும்.

இந்த வசந்த பருவத்தின் பெரிய வேலை பாலம். இருவர் சேர்ந்து பால்சா என்ற லேசான மரத்தின் குச்சிகளால் ஒரு மாதிரிப் பாலம் கட்டவேண்டும். எடை குறைவாகவும் தாங்கும் பாரம் அதிகமாகவும் இருக்கவேண்டும். ரெனிட்டாவுக்கு வாய்த்த துணை பெய்ஜ் லிண்ட்க்விஸ்ட். கெட்டிக்காரி, யாரையும் உரசிப் பார்க்கிற பேச்சு. "உன் ஒட்டு எல்லாம் தடியா இருக்கு. வீட்டுல இப்படித்தான் ரொட்டிக்கு வெண்ணெ தடவுவீங்களா?" என்பாள். ரெனிட்டா பதிலுக்கு, "நீ வெட்டுற குச்சி ரெண்டும் ஒரு நீளத்துல இருந்தா நான் ஏன் தடியா ஒட்டப் போறேன்?" என்பாள். இப்படியே சண்டையிட்டுக்கொண்டு கட்டிய பாலம் அழகாக வந்துவிட்டது. ஆசிரியர் வாஸ்கோ எடைபோட்டு, அடியில் முத்திரை குத்தினார். முத்திரை விழுந்த பிறகு, பாரம் ஏற்றி உடைத்துப் பார்க்கும் சோதனை நாள்வரை பாலத்தை எதுவும் செய்யக்கூடாது. அதுதான் விதி.

ஆனால் மேல்மாடிக்கு விதியைவிடப் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. பால்சா காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். சோதனைக்கு முன்தினம் மழை பெய்தால் பாலம் எடை கூடிவிடும். அதனால் ஆய்வகத்தில் பிளாஸ்டிக் இழைகளைக் காயவைக்கும் சூட்டுப் பெட்டிக்குள் பாலத்தை ஆசிரியருக்குத் தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பார்கள். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு ரகசியமாகச் சொல்லித்தருவது இது. 'வெயில் காட்டுவது' என்று அதற்குப் பெயர். முன்தினம் மழை கொட்டியது. "வெயில் காட்டிடு. நான் பஸ்ஸுக்கு ஓடணும். கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்துடு" என்றாள் பெய்ஜ். ரெனிட்டா உள்ளே வைத்தாள். அதற்குள் பள்ளிக் காவலர் வந்து ஆய்வகத்தைப் பூட்டவேண்டும் என்று விரட்ட, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்து, மழையில் நனைந்த காலுறைகளைப் பிழிந்துகொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது.

காலையில் அவள் ஓட்டமாக மேலே போனபோது பாலம் மேசைமேல் இருந்தது. முதுகு முறுக்கி, நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. அதற்கு முன்னால் பெய்ஜ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சுற்றிலும் கூட்டம். "யாரோ உடைச்சிருக்காங்க" என்று பெய்ஜ் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யார் என்பதைக் கண்டுபிடிக்கக் கூட்டத்துக்கு நேரம் தேவைப்படவில்லை. தண்ணீர் இயந்திரத்தின் அடியில் ஒரு குப்பி நின்றது. அதில் டிரம் படம் ஒட்டி, கியோனா என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. மேல்மாடிப் பிள்ளைகள் கோழி இறக்கை வாங்கக் கடைக்கு ஓடித் திரும்புவதற்காக இரும்புக் கதவின் இடுக்கில் அட்டைத் துண்டு செருகிவைப்பது வழக்கம். அந்த இடுக்கு வழியாகத்தான் கியோனா காலையில் தண்ணீர் பிடிக்க வந்திருக்கிறாள். காவலர் அதட்டியதும் குப்பியை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். நடைக்கூடக் கேமராவில் அவள் ஓடுவது தெரிந்தது. ஓடுகிறவள் குற்றவாளிதானே. மதியத்துக்குள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை, சொத்தைச் சேதப்படுத்தினாள் என்று முடிவானால் கவுன்ட்டியின் மறுகோடியில் உள்ள ஒழுங்கு நடவடிக்கைப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே வாத்தியக் குழு கிடையாது.

கழிவறையில் பெய்ஜ் ரெனிட்டாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"நீதானே எடுக்க மறந்தே. காலையில நான்தான் பெட்டியிலேர்ந்து எடுத்து மேசைல வச்சேன். வாயத் தொறந்தேன்னா ரெண்டு பேருக்கும் சைபர். நான் சைபர் வாங்குனா எங்க ஊர்ப் பள்ளிக்குத் திரும்பிப் போவேன். அங்க நீச்சல் குளம் இருக்கு. நீ எங்க போவேன்னு யோசிச்சியா?"

ரெனிட்டா யோசித்திருந்தாள். சராசரி குறைந்து மேக்னட்டிலிருந்து வெளியேறுபவர்கள் அவரவர் ஊர்ப் பள்ளிக்குப் போவார்கள். அவளுடைய ஊர்ப் பள்ளிக்குப் போக ஒரு மாடி இறங்கினால் போதும். அந்தப் படிக்கட்டில் கியோனாவின் கூட்டம் கைதட்டி வரவேற்பதை அவள் பலமுறை கனவில் பார்த்திருக்கிறாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பாவும் மகளும் மட்டும். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் மாலை முறை. செய்தி லூதரின் பேருந்துக்கு அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. அந்தப் பிள்ளை சின்ன வயசிலிருந்தே அடாவடி என்றார். இந்த மாதிரி ஆட்களால்தான் நம் பேட்டைக்கே கெட்ட பேர் என்றார். நீ அவர்கள் பக்கமே திரும்பாதே, உனக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது, நேராகப் பார்த்து நட என்றார். அவர் கெட்டவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஆலய வாசலில் நின்று, குடித்துவிட்டு வருபவனையும் கைப்பிடித்து அழைத்துப்போய் உட்காரவைப்பவர். ஆனால் மகள் விஷயத்தில் அவருக்கு உலகம் அந்த ஒரு மாடியளவு சுருங்கியிருந்தது. கண்ணை மூடிக் கைகோத்து ஜெபித்தார். உணவுக்காக நன்றி சொன்னார். மனைவியின் முழங்காலுக்காக வேண்டினார். கடைசியில், "என் பிள்ளைக்கு நீர் தொறந்துவிட்ட கதவுக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

ரெனிட்டாவுக்கு ஆமென் வரவில்லை. கதவு திறந்த அன்று தகரத்தின் பக்கம் யார் நின்றார்கள் என்று அவளுக்குத் தெரியும். கடவுளுக்குக் கை வேண்டியிருந்தபோது இரண்டு டிரம் குச்சிகள் இருந்த கைதான் பக்கத்தில் இருந்திருக்கிறது. லூதர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் தட்டிலிருந்த பீன்ஸை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு வாஸ்கோவின் மேசைக்குப் போனாள். உடைந்த பாலம் இன்னும் அலமாரியில்தான் இருந்தது. பக்கத்தில் சாட்சிப் பொருளாகக் கியோனாவின் குப்பி. நடந்ததைச் சொன்னாள். அவர் பேனாவை மூடினார்.

"உனக்குப் பாலம் போன வருத்தம். வீட்டுக்குப் போயி நிதானமா யோசிச்சுட்டு வா."

"யோசிச்சுட்டுத்தான் சார் வந்திருக்கேன்."

"முத்திர வச்ச பாலத்துக்குச் சூடு காட்டுனா சைபர். உன் சராசரி ஏற்கெனவே விளிம்புல நிக்குது. என்னாகும்னு புரியுதா?"

"புரியுது சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். அக்கறையோடுதான் சொன்னார், அதுதான் கொடுமை. "பாரு, அந்தப் பொண்ணு இதுல மாட்டலேன்னாலும் நாளைக்கு வேற எதுலயாவது மாட்டத்தான் போகுது. நீ அப்படி இல்ல. நீ எங்க பொண்ணு."

'எங்க பொண்ணு' என்று அவர் சொன்னது அன்றுதான் முதல் தடவை. இரண்டு வருடமாக அவள் ஏங்கிய சொல். எதற்காக இப்போது கையில் தருகிறார் என்று தெரிந்ததும் அதை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

"இருக்கலாம் சார். ஆனா இத அவ பண்ணல."

"பெய்ஜுக்குத் தெரியுமா?"

"பெட்டிக்குள்ள வச்சது என் கை. அதச் சொல்லத்தான் வந்தேன்."

வாஸ்கோ எழுந்து அலமாரியிலிருந்து பாலத்தை எடுத்தார். பிளந்த இடத்தை மூக்கருகே கொண்டுபோனார். பசை கருகிய வாடை அந்த மேசை தாண்டி ரெனிட்டாவுக்கே வந்தது. எத்தனையோ வருடமாகப் பாலம் உடைப்பவர். ஓங்கி அடித்தால் மரம் எப்படி முறியும், சூட்டில் எப்படி முறுக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர். முதல் நாளே கையில் எடுத்துப் பார்த்திருந்தால் போதும். அவர் எடுத்துப் பார்க்கவில்லை. குப்பியைப் பார்த்ததும் பாலத்தைப் பார்க்கவேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. இது அவருக்கும் அந்த நொடியில் தெரிந்திருக்கவேண்டும். பாலத்தை மெதுவாகக் கீழே வைத்தார். அவளை நிமிர்ந்து பார்க்காமல், சரி போ என்றார். யார் வந்து சொன்னார்கள் என்று கீழே யாருக்கும் தெரியவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு ரெனிட்டா வெளியே வந்தாள்.

வியாழக்கிழமையே கியோனாவின் வீட்டுக்கு அலுவலகத்திலிருந்து தொலைபேசி போயிற்று. விசாரணை இல்லை, திங்கட்கிழமை வரலாம். காரணம் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பாலத்துக்கு இருவருக்கும் சைபர் விழுந்தது. ரெனிட்டா மூன்றாவது தளத்தில் தொடரலாமா என்று முடிவுசெய்ய ஒரு குழு அடுத்த வாரம் கூடும் என்றார்கள். பெய்ஜ் தன் நாற்காலியை வேறு மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது, "கீழ இருந்து வந்தவ கீழ புத்தியத்தான் காட்டுவே" என்றாள். பக்கத்தில் இருந்த யாரும் தலையைத் தூக்கவில்லை.

திங்கட்கிழமை காலை படிக்கட்டில் கூட்டம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. நடுவில் கியோனா, போரில் வென்று வந்தவள்போல.

"ஏய் மேல்மாடி, பாலம் கட்டத் தெரியாது, பழி போட மட்டும் தெரியுமா? போ போ, ஒன் பஸ் வாசல் மூடிடப் போகுது."

சிரிப்பு எழுந்தது. யாரோ காலை நீட்டினார்கள். ரெனிட்டா தடுமாறிச் சமாளித்தாள். ஒரு சொல் போதும், இந்தக் கூட்டம் அமைதியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. கியோனாவின் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் அடைந்து கிடந்த நாட்களின் வீக்கம் அந்தக் கண்ணுக்குக் கீழே இன்னும் இருந்தது. அதற்குமேல் ஏறி நின்றுகொண்டுதான் அவள் இப்படிச் சிரிக்கிறாள். ரெனிட்டா சொல்லை விழுங்கிக்கொண்டு நடந்தாள்.

மாலை, பஸ்கள் போனபின், ஆய்வகம் காலியாக இருந்தது. சாட்சிக்குத் தேவையில்லாமல் போன குப்பி அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. ரெனிட்டா அதை எடுத்து, உள்ளும் புறமும் சோப்புப் போட்டுக் கழுவினாள். உரிந்துகொண்டிருந்த டிரம் படத்தின் ஓரத்தைப் பாலத்துக்கு வைத்திருந்த பசையால், இந்தமுறை மெல்லிசாகத் தடவி, ஒட்டினாள். இயந்திரத்தின் அடியில் வைத்துக் கழுத்துவரை நிரப்பினாள். குளிரில் அவள் விரல்கள் மரத்தன.

இரும்புக் கதவு இடுக்கில் இப்போது அட்டை இல்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதைத் தடைசெய்துவிட்டார்கள். அவள் கைப்பிடியைத் திருகித் திறந்து, கீழே இறங்கினாள். வாத்திய அறையில் யாரும் இல்லை. எல்லாரும் பின்னால் மைதானத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். டிரம் பெட்டிகளின் வரிசையில் பெயரைத் தேடி, அதன் மூடிமேல் குப்பியை வைத்தாள். குப்பியின் உடம்பு வியர்த்து, பெட்டியின் கறுப்பில் ஒரு நீர்வளையம் பரவியது. சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினாள்.

நடு மாடிப்படிக்கு வந்தபோதுதான், கதவு தானாகச் சாத்திக்கொண்டுவிட்டதைக் கவனித்தாள். அவளுடைய பை மேலே இருந்தது. இந்தப் பக்கம் தகரம். தட்டுவதற்காகக் கையை உயர்த்தினாள்.

மைதானத்தில் தாளம் மாறியது. அணிவகுப்பு அடி, முழு வேகத்தில். அவள் தட்டவில்லை. உள்ளங்கையை விரித்துக் கதவின்மேல் வைத்தாள். இரும்பு மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.